முழங்கால் மேல் ஒரு கை

மேடையில் என் இரண்டு பக்கமும் வாழைமரம், பின்னால் தெர்மாகோலில் வெட்டிய மயில். தலையில் ஜடைநாகம், கழுத்தில் மாலை, இடுப்பில் யாரிடமோ இரவல் வாங்கிய ஒட்டியாணம். சிவப்பு வெல்வெட் போட்ட ராஜா நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். திருமங்கலத்தில் எங்கள் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டு, என் சடங்கு நடந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் பிளக்ஸ் போர்டு. தாய்மாமன்மார் எல்லாரும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மூலையில் ஒரு வட்டத்துக்குள் நான். பெரிய மனுஷி ஆனது நான்தான் என்றாலும் பெரிய படம் மாமன்களுக்குத்தான்.

பட்டுப்புடவைக்குள் என் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. இதை எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட நம்பியதில்லை.

பக்கத்தில் நின்று சீர்த்தட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த அம்மா, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே, என் பக்கம் திரும்பாமல், கையை மட்டும் நீட்டி என் முழங்காலை அழுத்துவாள். சந்தனமும் மஞ்சளும் அப்பிய, சூடான கை. "ஆடாம உக்காருடி. ஊரே பாக்குது." கையை எடுத்ததும் கால் மறுபடி ஆடும். மறுபடி கை வரும். புடவையில் அந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை பிடித்துவிட்டது.

அந்தப் புடவை இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. கறையும் போகவில்லை.

வீட்டில் வைத்த பெயர்கள்

போன வாரம் இந்தத் தொடரில், அப்பாவின் உரக்கடைச் சாவியை நான் தொலைத்து, அவர் ஊர் பார்க்கப் பூட்டை உடைத்த கதையை எழுதியிருந்தேன். மேலூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, "வீட்ல எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்மா" என்றார். சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கிறது. அதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. பறக்காவெட்டி, கால்ல சக்கரம் கட்டுனவ, ஓட்டப்பானை என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். விருந்தாளிகள் வந்தால் அம்மா இந்தப் பெயர்களுக்கெல்லாம் காரணக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

கறிவேப்பிலை பறித்து வரச் சொன்னால், வழியில் ஓணானைப் பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே போய் வெறுங்கையோடு வருவேன். குடத்தை அடிகுழாயில் வைத்தால் குடம் அங்கேயே இருக்கும், நான் இருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். அடுத்தவர் பேசி முடிக்குமுன் நடுவில் விழுந்து பேசி, சித்தப்பாவிடம் ஒருமுறை செவிட்டில் அறை வாங்கினேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு எதிராகவே நின்றது. கடையில் பொட்டலம் மடிக்க மூட்டையாக வாங்கிப் போட்டிருந்த பழைய வார இதழ்களை எடுத்து உட்கார்ந்தேன் என்றால் சோறு தண்ணி வேண்டாம். கூப்பிடுவது காதில் விழாது. அப்பா வந்து முதுகில் ஒன்று வைத்தால்தான் தலை நிமிரும்.

"இதுக்கு மட்டும் ஒடம்பு வணங்குதாக்கும்?" என்பார். அந்த ஒரு கேள்வியில் என் வழக்கு முடிந்துபோகும். படிக்க முடிகிறவளுக்குப் பாடம் படிக்க மட்டும் முடியவில்லை என்றால், அதற்குத் திமிர் என்றுதானே பெயர்?

அடங்கிவிட்டேனாம்

தலைக்கு ஊற்றியதிலிருந்து சடங்கு நாள் வரைக்கும் பின்கட்டு அறையில் தனியாக இருக்க வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வேளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வரும். மற்ற பெண்களுக்கு அது ஓய்வு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சிறை. சுவரில் பெயர்ந்த காரையில் ஆடு, பஸ், வாத்தியார் எல்லாம் கண்டுபிடித்து, அவற்றுக்குள் சண்டை மூட்டி, தீர்த்தும் வைத்தேன்.

வெளியே வந்தபோது எனக்கு மரம் ஏறத் தடை, தெருவில் ஓடத் தடை, சத்தமாகச் சிரிக்கத் தடை. தடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள்.

"பாத்தியா, சடங்கு கழிச்சதும் புள்ள அடங்கிருச்சு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அம்மாவுக்கு அது சான்றிதழ் மாதிரி. கூடை கூடையாகச் சீர் வந்ததைவிட அந்தப் பேச்சுத்தான் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நான் அடங்கவில்லை. ஓட்டம் வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். வகுப்பில் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மண்டைக்குள் நாலு பஸ் ஸ்டாண்டு ஒன்றாக இரையும். உள்கன்னத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருந்தேன். நகத்தில் வெள்ளைப் பகுதி என்பதே கிடையாது. பேனா மூடிகளைக் கேட்கவே வேண்டாம்.

வளரும் வயதில் துள்ளல் குறைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் பரபரப்பு நிற்காது, பெண்பிள்ளைகளிடம் அது கண்ணுக்குப் படாமலே போய்விடும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் அதற்கு வழங்கிய வார்த்தை அடக்கம். நல்ல வார்த்தை. என்னைப் புதைக்க அது ஒன்று போதுமானதாக இருந்தது.

இதில் வீடியோக்காரருக்கும் பங்குண்டு. சடங்கு சி.டி. வந்து சேர்ந்தபோது எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். தாமரைப் பூ விரிய, அதன் நடுவில் என் முகம். ரோஜா இதழ்கள் பறக்க, மறுபடி என் முகம். நான் மாலையைப் பிய்த்தது, எழுந்து நின்றது, நாற்காலிக் கைப்பிடியைச் சுரண்டியது எதுவுமே அதில் இல்லை. அசையாத நேரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோர்த்திருந்தார். அந்த மனிதர் தொழிலை ஒழுங்காகச் செய்தார். எங்கள் வீடு அதை அப்படியே நம்பியது. அந்தப் பெண்ணை டி.வி.யில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கிரேஸ் மிஸ்

பிளஸ் ஒன்னுக்கு மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. பெரிய நூலகம், வேப்பமரம், வீட்டுப் பெயர்கள் எதுவும் தெரியாத தோழிகள். பிளஸ் டூ வரைக்கும் அங்கேயே படித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஆனால் ரெக்கார்டு நோட்டைப் பஸ்ஸில் விடுவேன். பரீட்சையில் முதல் கேள்விக்கே பக்கம் பக்கமாக எழுதி, மணி அடிக்கும்போது பாதித்தாள் வெறுமையாக இருக்கும். பின்பக்கத்தில் கேள்வி இருந்ததையே பார்க்காமல் வந்ததும் உண்டு. வருடக் கடைசியில் தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, பள்ளியின் ரிசல்ட்டை நான் கெடுத்துவிடுவேன் என்றும், டி.சி. வாங்கிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது என்றும் மரியாதையாகச் சொன்னார்.

வராந்தாவில் எங்களை நிறுத்தியவர் விலங்கியல் எடுத்த கிரேஸ் மிஸ். ஒல்லியான, அதட்டத் தெரியாத டீச்சர். ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிப் போய் அம்மாவை உட்கார வைத்தார்.

"இவ திமிர்ல செய்யலம்மா. இவளால முடியல. ரெண்டும் வேற வேற."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தங்கச்சி மகனுக்கு இப்படித்தான் இருந்துச்சு. ஏ.டி.எச்.டி.ன்னு சொல்வாங்க. கவனமும் ஒடம்பும் ஒரு எடத்துல நிக்காது. காளவாசல் பக்கத்துல ஒரு மனநல டாக்டர் இருக்காரு. ஒருதரம் காட்டுங்க. அவர் எழுதிக் குடுத்தா நான் ஹெச்.எம். கிட்டப் பேசி இவள இங்கயே வச்சுக்கிறேன். இது என் பொறுப்பு."

மனநல டாக்டர் என்ற சொல் விழுந்ததும் அம்மா முதலில் செய்தது, அறையில் வேறு யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்ததுதான்.

எனக்கு அந்தச் சொல் காதில் ஏறவே இல்லை. நான் 'முடியல' என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். என்னைப் பற்றி ஒருவர்கூட அதுவரை அப்படிச் சொன்னதில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

மீன்தொட்டி

அப்பாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள் அம்மா. காளவாசலில் இறங்கியதும் முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊரைக் கேட்டபோது உசிலம்பட்டி என்றாள். எனக்கு ஏற்கெனவே உத்தரவு வந்திருந்தது.

"நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

டாக்டர் வயதானவர், நல்லவராகத்தான் தெரிந்தார். பொறுமையாகக் கேட்டார். சாமான்களைத் தொலைக்கிறாளா, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிறாளா, கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருக்கிறாளா, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறாளா.

ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனசுக்குள் ஆமாம் என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா வாய்விட்டு இல்லை என்றாள்.

"சின்ன வயசுல எப்படி?"

"ரொம்ப அமைதிங்க டாக்டர். இவ இருக்குற எடமே தெரியாது."

"ஸ்கூல்ல ஏதும் சொன்னாங்களா?"

"நல்லாத்தான் சொல்றாக. கணக்குல மட்டும் கொஞ்சம் பயம்." பிறகு, இன்னும் பலமாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சொன்னாள்: "சடங்குல அம்புட்டு நேரம் மேடைல உக்காந்திருந்தா. ஒரு ஆட்டம் அசைவு இல்ல. வீடியோவே இருக்குங்க."

விருந்தாளிகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த அத்தனை கதைகளும் எங்கே போயின என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அறை மூலையில் இருந்த மீன்தொட்டி கண்ணில் பட்டுவிட்டது. எல்லா மீனும் சுற்றிவர, ஒரு கறுப்பு மீன் மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது.

"ஏம்மா, உன்னத்தான். நீ ஏதாச்சும் சொல்லணுமா?" டாக்டர் என்னிடம் அதை இரண்டாவது முறையாகக் கேட்டார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

எனக்கென்று திறந்த ஒரே கதவு அது. நான் சொன்னேன்: "அந்தக் கறுப்பு மீன் ஏன் சார் ஒரு மூலையிலேயே நிக்குது?"

டாக்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, மனசை ஒருநிலைப்படுத்திப் படிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனசை ஒருநிலைப்படுத்த முடியவில்லை என்று போனவளுக்கு அதுதான் மருந்து.

வெளியே வந்து முக்காட்டை எடுத்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். நானும் குடித்தேன்.

கிரேஸ் மிஸ்ஸிடம் அம்மா, "டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாரு டீச்சர்" என்றாள். மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அப்படியா, சரிம்மா" என்றார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? அந்த வாரமே டி.சி. கைக்கு வந்தது.

மிச்சப் படிப்பைத் திருமங்கலத்தில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்த டுடோரியலில் படித்தேன். தோற்று, மறுபடி எழுதிப் பாஸானேன். கல்யாணமும் நடந்தது. புகுந்த வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததும், கேஸ் நாற்றம் அடித்ததும், மாமியார் கத்தியதும் இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டிலும் அதற்குத் திமிர் என்றுதான் பெயர். இப்போது ஒத்தக்கடையில் தனியாக இருக்கிறேன். ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. நாலு போன் ஒன்றாக அடித்தாலும் சமாளிப்பேன். சாவியை மட்டும் கழுத்தில் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன்.

தம்பி மகன்

சமீபத்தில் தம்பி போன் செய்தான். அவன் மகன் கவின் நாலாவது படிக்கிறான். பையனை டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"நீயும் வாக்கா. ஒனக்குத்தான் அந்த மாதிரி எடத்துலெல்லாம் பேசத் தெரியும்" என்றான்.

போனேன். அம்மாவும் வந்திருந்தாள். முக்காடு இல்லை. ஊர் கேட்டபோது திருமங்கலம் என்று தெளிவாகச் சொன்னாள்.

இது வேறு ஆஸ்பத்திரி, இளவயதுப் பெண் டாக்டர். மேசையில் சுழலும் பொம்மை ஒன்று இருந்தது. கவின் கேட்காமலே அதை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். டாக்டர் தடுக்கவில்லை. அவனிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தம்பியிடம் கேட்டார்.

"இது குடும்பத்துல வர்றதுண்டு. உங்க சைடுல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"இல்ல டாக்டர், அப்படி யாருக்கும்..."

"இருக்குங்க" என்றாள் அம்மா. "இந்தா ஒக்காந்திருக்காளே, எம் மக. இவளுக்கு இருந்துச்சு. இருந்துச்சு என்ன, இப்பவும் இருக்கு."

பிறகு அவள் நிறுத்தவில்லை. ஓணானைச் சொன்னாள், அடிகுழாயில் நின்ற குடத்தைச் சொன்னாள், ஒற்றைச் செருப்பைச் சொன்னாள். உள்கன்னத்தைக் கடிப்பேன் என்றாள். அது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "சடங்குக்கு மேடைல உக்கார வச்சோம் டாக்டர். பொழுதுக்கும் காலு ஆடிக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் அமுக்கி அமுக்கிப் பிடிச்சேன்." ஒரு கதையும் பிசகவில்லை. விருந்தாளிகளுக்குச் சொல்லும் அதே வரிசை, சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இத எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

"இப்பத்தான் டாக்டர்" என்றேன்.

அவர் நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து லேசாகச் சிரித்தார். கவின் சிரிக்கவில்லை. சுழலும் பொம்மையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்துக்கடை முன்னால் ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்திய இரும்பு நாற்காலி வரிசை. தம்பி மருந்துச்சீட்டை உள்ளே கொடுக்கப் போயிருந்தான். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா சொல்லல?"

எந்த அன்னைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லிருந்தா ஒன்ன யாருடி கட்டிருப்பா?"

கட்டியவன் இப்போது எங்கே என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் பையன் இருந்தான், விழுங்கிக்கொண்டேன்.

"இவனுக்கு மட்டும் சொல்லலாமாக்கும்?"

"இவனுக்கென்ன, ஆம்பளப் புள்ள" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் குற்ற உணர்வும் இல்லை, கள்ளமும் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வதுபோல் சொன்னாள். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அவள் அறியாமல் செய்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.

தம்பி வந்து கவினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பையனின் கால் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலி வரிசையே அதிர, கடைசியில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தம்பி மகனின் முழங்காலை அழுத்திப் பிடித்தான்.

"கால ஆட்டாதடா. எல்லாரும் பாக்குறாக."

அம்மா தம்பியின் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"எடுறா கைய. அவன் என்ன வேணும்னேவா ஆட்டுறான்? அவனால முடியலடா."

கிரேஸ் மிஸ் சொன்ன அதே வார்த்தை. அப்படியென்றால் அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இத்தனை வருடம் அதைப் பத்திரமாகவும் வைத்திருந்திருக்கிறாள்.

இப்போது அம்மாவின் கை கவினின் முழங்கால் மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தாள். கால் அதன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. வரிசையின் இந்தப் பக்கத்தில் என் காலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அம்மா இந்தப் பக்கம் திரும்பவில்லை.